ஈர நிலத்துத் தண்டில் ஏற்றிய விளக்கு

அயர்லாந்தின் ஈரமான மேய்ச்சல் நிலங்களில் ரஷ் என்ற செடி கொத்துக் கொத்தாக வளர்கிறது. பார்க்கக் கோரை மாதிரி இருந்தாலும் குடும்பம் வேறு. அறிவியல் பெயர் ஜன்கஸ் எஃப்யூசஸ். விவசாயிகள் இதைக் களையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கு வருவதற்கு முன், கிராமத்து ஏழை வீடுகளுக்கு இரவில் வெளிச்சம் தந்தது இந்தச் செடியின் தண்டு.

தண்டின் பச்சைத் தோலை உரித்தால் உள்ளே மெத்தென்று வெள்ளைச் சோறு, அதாவது தண்டின் நடுச்சதை, இருக்கும். அதன் செல்கள் நட்சத்திர வடிவம் கொண்டவை. கைகளின் நுனியில் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதால் நடுவில் நிறைய வெற்றிடம். தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆக்ஸிஜன் அரிது. வேருக்கான காற்று மேலிருந்து தண்டின் வழியாகத்தான் இறங்க வேண்டும். அப்படிச் செடி தன் மூச்சுக்காக வைத்திருந்த இடைவெளியில்தான் மனிதர்கள் கொழுப்பை நிரப்பினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

கோடைக் கடைசியில் அறுத்த தண்டுகளை நீரில் ஊறவைத்து உரிப்பார்கள். முழுத்தோலையும் எடுத்தால் சோறு ஒடிந்துவிடும். எடுக்காமல் விட்டால் கொழுப்பு உள்ளே போகாது. அதனால் நீளவாக்கில் ஒரு மெல்லிய தோல்கீற்றை மட்டும் விட்டுவைப்பார்கள். காய்ந்ததும் கிரிசெட் எனப்படும் படகு வடிவ இரும்புச் சட்டியில் உருக்கிய கொழுப்பில் தோய்த்து எடுப்பார்கள். ஆட்டுக்கொழுப்பு நல்லது. அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் ஆறியதும் கெட்டியாகிவிடும். பன்றிக்கொழுப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

பற்றவைத்ததும் சுடருக்கு அருகில் கொழுப்பு உருகுகிறது. நுண்துளைகளில் திரவம் தானாக ஏறும் நுண்புழை விசையால் அது நுனிக்குப் போய் ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது.

கொல்லர் அடித்த இரும்பு இடுக்கியில் தண்டைச் சாய்வாகப் பிடிக்கவைப்பார்கள். சுடர் நேர்மேலே போகும், தண்டு சாய்ந்திருக்கும். அதனால் கரிந்த நுனி சுடருக்கு வெளியே நீண்டு, காற்றில் ஆக்ஸிஜன் கிடைத்துச் சாம்பலாக உதிர்ந்துவிடும். அந்தக் கால மெழுகுவத்தியில் பருத்தித்திரி சுடருக்குள்ளேயே நிமிர்ந்து நின்று புகைந்தது, அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. தானே வளைந்து எரியும் பின்னல் திரி பிரான்ஸில் 1820-களில்தான் வந்தது.

எவ்வளவு நேரம் எரியும்? இங்கிலாந்தின் இயற்கையியலாளர் கில்பர்ட் வைட், சுமார் 72 செ.மீ. நீளத் தண்டு ஒன்று 57 நிமிடம் எரிந்ததாக 1775-ல் எழுதினார். அந்த நேரம் முழுக்க, சுடர் இடுக்கியை எட்டுமுன் தண்டைச் சற்றுச் சற்றாக மேலே தள்ளிவிட யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.