4×5 ஷீட் ஃபிலிமுக்கு மாறலாமா? கேமரா தேடும் முன் பார்க்க வேண்டியவை

மீடியம் ஃபார்மட்டில் (6×7 போன்ற அகல ரோல் ஃபிலிம்) சில வருடம் படமெடுத்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (ஒரு படத்துக்கு ஒரு தனி ஷீட்) மீது ஆசை வரும். கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் காரணம் நுணுக்கம். 35 மி.மீ. ஃபிரேமோடு ஒப்பிட்டால் 4×5இல் படம் பதியும் பரப்பு ஏறத்தாழ 13 மடங்கு. ஆனால் 6×7 செ.மீ. ரோல் ஃபிலிமோடு ஒப்பிட்டால் 3 மடங்குகூட முழுதாக வராது. உங்கள் பிரிண்ட் 16×20 அங்குலத்தைத் தாண்டப் போவதில்லை என்றால், உறுதியான ட்ரைபாடில் வைத்த 6×7 கேமராவே போதும். நுணுக்கம் ஒன்றுக்காக மட்டும் மாற வேண்டாம்.

மாறுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு. ஒவ்வொரு ஷீட்டையும் தனித்தனியாக டெவலப் செய்யலாம்: வெயிலும் நிழலும் கடுமையாக மோதும் காட்சிக்கு நேரத்தைக் குறைக்கலாம், மங்கலான நாளில் கூட்டலாம். ரோலில் 10 படத்துக்கும் ஒரே தலையெழுத்துதான். இதைவிடப் பெரிய காரணம், லென்ஸையும் ஃபிலிம் தளத்தையும் தனித்தனியே நகர்த்தும் வசதி.

உயரமான கட்டடத்தை எடுக்கக் கேமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்கள் மேலே குவியும். ஃபிலிம் தளத்தைச் செங்குத்தாகவே வைத்து, லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் (ரைஸ்) சுவர்கள் நேராக நிற்கும். எவ்வளவு ஏற்றலாம் என்பதை லென்ஸின் இமேஜ் சர்க்கிள் (லென்ஸ் தரும் வட்டப் படத்தின் விட்டம்) முடிவு செய்கிறது. 210 மி.மீ. சர்க்கிள் உள்ள 150 மி.மீ. லென்ஸில், ஷீட் படுக்கைவாட்டில் இருந்தால் 38 மி.மீ. வரை கிடைக்கும். அதைத் தாண்டினால் மூலைகள் இருண்டுவிடும். 6×9க்காகச் செய்த 105 மி.மீ. லென்ஸ்கள் பலவும் 4×5 மூலைகளை எட்டவே எட்டாது. லென்ஸ் வாங்குமுன் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

டில்ட் இன்னும் நுட்பமானது. லென்ஸை முன்பக்கமாகச் சாய்த்தால் ஃபோகஸ் தளம் தரையோடு படுத்துக்கொள்ளும். 1904இல் காப்புரிமை பெற்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக்கின் பெயரால் இந்த விதி அறியப்படுகிறது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் 150 மி.மீ. லென்ஸ் இருந்தால், காலடிப் புல்லும் தொலைவு மலையும் ஒன்றாகத் தெளிய 6 டிகிரிக்கும் சற்றுக் குறைந்த சாய்வே போதும். பழகாதவர்கள் 15 டிகிரி சாய்த்துவிட்டு, எங்குமே ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று திணறுவார்கள். முன்னால் ஒரு மரம் நின்றால் டில்ட் கைகொடுக்காது. அடிமரம் தெளிந்து உச்சி கலங்கும்.

உங்கள் பழைய நெகட்டிவ்களை எடுத்துப் பாருங்கள். குவிந்த சுவர், கலங்கிய முன்தரை, கட்டுக்கடங்காத கான்ட்ராஸ்ட் ஆகியவைதான் திரும்பத் திரும்ப உங்களை வருத்துகின்றனவா? அப்படியானால் 4×5 உங்களுக்கானது. தெருவும் குழந்தைகளும் ஓடும் ஆட்களும்தான் அவற்றில் அதிகம் என்றால், மாறும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 35 மி.மீ. கேமராவில் எஃப் 6.3 தரும் ஃபோகஸ் ஆழம், அதே கோணத்தில் 4×5இல் எஃப் 22 வைத்தால்தான் வரும். அங்கே 1/125 நொடி போதுமான இடத்தில் இங்கே ஏறக்குறைய 1/10 நொடி. இலை அசைந்தாலே பதிந்துவிடும்.

அதோடு இரண்டு திருத்தங்கள் சேரும். அருகில் ஃபோகஸ் செய்யப் பெல்லோஸை (லென்ஸையும் ஃபிலிம் பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) நீட்டும்போது ஒளி குறையும். நீளத்தை ஃபோகல் நீளத்தால் வகுத்து வர்க்கப்படுத்தினால் எத்தனை மடங்கு ஒளி வேண்டும் என்று வரும் (இருமடங்கு என்றால் ஒரு ஸ்டாப்): 150 மி.மீ. லென்ஸில் பெல்லோஸ் 210 மி.மீ. என்றால் ஒரு ஸ்டாப், 300 மி.மீ. என்றால் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். அடுத்தது, எக்ஸ்போஷர் ஒரு நொடியைத் தாண்டியதும் ஃபிலிம் சோம்பல்படும். இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ்ஸுக்கு மீட்டர் 10 நொடி காட்டினால் 18 நொடியும், 30 காட்டினால் 72 நொடியும் கொடுக்க வேண்டும்.

கேமரா வகையைப் பொறுத்தவரை மோனோரெயிலில் (ஒற்றைத் தண்டில் நிற்கும் கேமரா) எல்லா அசைவுகளும் கிடைக்கும், ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஃபீல்டு கேமரா மடங்கும். கிரவுன் கிராஃபிக் போன்ற பழைய பிரஸ் கேமராக்கள் உறுதியானவை, ஆனால் லென்ஸை முன்பக்கம் சாய்க்க நேரடி வசதி கிடையாது. டில்டுக்காக மாறுபவர் அதை வாங்கி ஏமாறக் கூடாது. இலகுவான ஃபீல்டு கேமராக்கள் பலவற்றில் பெல்லோஸ் 300 மி.மீ. அளவோடு நின்றுவிடும், அதில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால் அருகில் எதையும் எடுக்க முடியாது. முதல் லென்ஸாக 150 மி.மீ. எஃப் 5.6 ஒன்று போதும்.

பழைய பொருளில் முதலில் கெடுவது பெல்லோஸின் மடிப்பு மூலைகள். இருட்டறையில் உள்ளே டார்ச் விட்டு, மெதுவாக நீட்டிச் சுருக்கி, வெளியே ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஷட்டரில் 1 நொடியும் 1/2 நொடியும் இழுபடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கிரவுண்ட் கிளாஸை (ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடி) யாராவது மாற்றியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். சில கேமராக்களில் கண்ணாடிக்கு முன், லென்ஸ் பக்கமாக, ஃப்ரெனெல் தகடு (படத்தை வெளிச்சமாகக் காட்டும் தட்டை லென்ஸ்) இருக்கும். அதைக் கழற்றியிருந்தால் கண்ணாடியில் தெளிவாகத் தெரிவது ஃபிலிமில் கலங்கலாக வரும்.

படமெடுக்கும் வரிசை மாறினால் ஷீட் போய்விடும். ஷட்டரைத் திறந்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, கறுப்புத் துணிக்குள் தலைகீழாகத் தெரியும் படத்தை லூப் (உருப்பெருக்கி) வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஷட்டரை மூடுங்கள், அப்பர்ச்சரைக் குறையுங்கள், ஷட்டரை முடுக்குங்கள், ஷீட் உள்ள ஹோல்டரைச் செருகுங்கள், ஷீட்டை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவுங்கள், கேபிளை அழுத்துங்கள். ஸ்லைடைத் திரும்பச் செருகும்போது விளிம்பின் கறுப்புப் பக்கம் வெளியே இருக்கட்டும். வெள்ளை என்றால் இன்னும் எடுக்காத ஷீட். ஷட்டரை மூட மறந்தால் ஷீட் முழுதும் கருகும். எஃப் 5.6இலிருந்து 22க்குக் குறைக்க மறந்தால் நான்கு ஸ்டாப் கூடுதல்.

டெவலப் செய்வதையும் ஸ்கேன் செய்வதையும் யோசிக்காமல் கேமரா வாங்குகிறவர்கள்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். டிரேயில் பல ஷீட்களை ஒன்றாகப் புரட்டினால் ஒன்றின் மூலை மற்றொன்றைக் கீறும். தொடக்கத்தில் ஒவ்வொன்றாகவே போடுங்கள், முழு இருட்டில். பல ஃபிளாட்பெட் ஸ்கேனர்களின் மூடியில் ஒளி வரும் பட்டை 120 ஃபிலிம் அகலத்தோடு நின்றுவிடும். 4×5 முழுவதற்கும் ஒளி வருகிறதா என்று பாருங்கள். 2000 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலே 8 கோடி பிக்சல் கிடைக்கும், அதற்கு மேல் எண்களைத் துரத்த வேண்டியதில்லை. என்லார்ஜர் இல்லாதவர் கான்டாக்ட் பிரிண்ட் (நெகட்டிவைப் பேப்பர்மேல் நேரடியாக வைத்து எடுப்பது) போடலாம். கண்ணாடித் தகடும் ஒரு பல்பும் போதும். 4×5 அங்குலத்தில் கையில் எடுத்துப் பார்க்க அது அத்தனை அழகு.

முடிவெடுக்கும் முன் ஒரு கேமராவை இரவல் வாங்கி, ஃபிலிமுக்குப் பதில் கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பரை ஹோல்டரில் போட்டுப் பழகுங்கள். நிலையான கான்ட்ராஸ்ட் பேப்பர் என்றால் சிவப்பு விளக்கிலேயே ஏற்றலாம், டெவலப் செய்யலாம். ஷீட் ஃபிலிம் 4×5ஐவிடச் சற்றுச் சிறியது. அதனால் பேப்பரை நீளத்திலும் அகலத்திலும் 1.5 மி.மீ. குறைத்து வெட்டினால்தான் ஹோல்டரின் இரு பக்கத் தண்டவாளத்துக்கும் அடியில் போகும். ஐ.எஸ்.ஓ. 6 என்று மீட்டரில் வைத்துத் தொடங்குங்கள். முதல் பேப்பரில் படமே வேண்டாம்: வெயிலில் ஷட்டரை மூடியபடி ஸ்லைடை உருவி மூன்று நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். கறுப்புக் கோடோ புள்ளியோ வந்தால், அது விழுந்த இடத்தைப் பார்த்து ஒழுகுவது ஹோல்டரா பெல்லோஸா என்று தேடுங்கள். வெள்ளையாகவே வந்தால், அடுத்த இருபது பேப்பரில் படமெடுக்கும் அந்த வரிசை கைக்கு வரட்டும்; ஃபிலிம் பெட்டியை அதன் பிறகு திறக்கலாம்.