போனை ரீசெட் செய்வதற்கு முன்னால், அந்த ஒரு எஸ்.எம்.எஸ். போனதா என்று பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தன் ஐபோனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தொலைவில் இருக்கும் மகளோடு ஃபேஸ்டைமில், அதாவது ஆப்பிளின் வீடியோ அழைப்பில், பேச முடியவில்லை என்றார். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ஐமெசேஜ் (ஆப்பிள் சாதனங்களுக்குள் இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி) என்ற வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் "வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்" என்று இருந்தது. கோளாறு என்னவென்று பாதி புரிந்துவிட்டது. ஆனால் போனில் வேறு எதுவுமே இல்லை. ஒரு படம் இல்லை, ஒரு பழைய செய்தி இல்லை. வாங்கிய அன்று இருந்த மாதிரி காலியாக இருந்தது.

"இதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது காட்டினீங்களாம்மா?"

"ஆமா தம்பி. முழுசா ரீசெட் பண்ணினா சரியாயிடும்னு சொன்னாங்க. பண்ணியும் சரியாகல."

பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். காலமான அவருடைய கணவரின் குரல் பதிவுகள் அந்தப் போனில்தான் இருந்திருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. உண்மையான கோளாறு என்ன தெரியுமா? அவருடைய சிம்மில் வெளிநாட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி மூடப்பட்டிருந்தது. கஸ்டமர் கேரில் பேசி அதைத் திறக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. அந்த ரீசெட்டுக்கும் இந்தக் கோளாறுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆக்டிவேஷன் என்றால் போனுக்குள் என்ன நடக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஃபேஸ்டைம் 2010-இல் ஐபோன் 4-உடன் வந்தது. ஐமெசேஜ் 2011-இல் ஐஓஎஸ் 5-உடன் வந்தது. இரண்டும் ஓடுவது இணையத்தில்தான். ஆனால் உங்கள் போன் நம்பர் உங்களுடையதுதானா என்று ஆப்பிளுக்கு எப்படித் தெரியும்? அதற்கு உங்கள் போன் யாருக்கும் தெரியாமல் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. மெசேஜ் பட்டியலில் அது தெரியாது, சத்தமும் வராது. அந்தச் செய்தி எந்த நம்பரிலிருந்து வருகிறது என்பதைச் சிம் நிறுவனத்தின் நெட்வொர்க்கே சொல்லிவிடும். அதை வைத்து ஆப்பிளின் சர்வர் "சரி, இந்த நம்பர் இந்தப் போனில் இருக்கிறது" என்று பதிந்துகொள்கிறது. சிம்மை மாற்றினாலோ வேறு போனில் போட்டாலோ மறுபடி இதே கதைதான்.

பல நாடுகளில் அந்த எஸ்.எம்.எஸ். வெளிநாட்டு எண் ஒன்றுக்குப் போகிறது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சிக்குகிறார்கள். டேட்டா பேக் போட்டிருப்பார்கள், யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும். "நெட் நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். நெட் நன்றாகத்தான் இருக்கும். எஸ்.எம்.எஸ். போவது வேறு வழியில். கணக்கில் வெளிநாட்டு எஸ்.எம்.எஸ்.ஸுக்கான காசு இல்லையென்றாலோ, ரீசார்ஜ் காலம் முடிந்து செய்திகள் உள்ளே மட்டும் வரும் நிலையில் இருந்தாலோ, நிறுவனம் அந்த வசதியை மூடி வைத்திருந்தாலோ, அந்தச் செய்தி வெளியே போகவே போகாது. போன் காத்துக்கொண்டே இருக்கும். பேசுவதற்கான வசதியே இல்லாத, டேட்டாவுக்கு மட்டுமான சிம் என்றாலும் இதே நிலைதான்.

நண்பர் ஒருவருக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்து, அது போய்விட்டது, அதனால் சிம்மில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்நாட்டு எஸ்.எம்.எஸ். போகும், வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். மூடியிருக்கும். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். இன்னொன்று: பில்லில் தெரியாத வெளிநாட்டு எண்ணுக்கு ஓர் எஸ்.எம்.எஸ். போனதாகக் கட்டணம் வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் இந்த ஆக்டிவேஷன் செய்தியாகத்தான் இருக்கும். ஐமெசேஜ் பட்டனை ஆத்திரத்தில் பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டால், பத்துத் தடவை அந்தச் செய்தி போகலாம், பத்துத் தடவை காசும் போகலாம்.

கோளாறு சிம் பக்கமா, போன் பக்கமா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நான் எப்போதும் முதலில் செய்வது இதைத்தான். செட்டிங்ஸில் மெசேஜஸ் போய், அதில் 'செண்ட் அண்ட் ரிசீவ்' என்ற வரியைத் திறங்கள். (ஐஓஎஸ் 18 முதல் மெசேஜஸும் ஃபேஸ்டைமும் செட்டிங்ஸின் கீழே 'ஆப்ஸ்' என்பதற்குள் போய்விட்டன. காணோமே என்று தேடி அலைகிறவர்கள் நிறைய.) அங்கே உங்கள் போன் நம்பரும், ஆப்பிள் அக்கவுண்ட்டின் இமெயில் முகவரியும் இருக்கும். இமெயிலைப் பதிவதற்கு எஸ்.எம்.எஸ். தேவையில்லை, இணையம் மட்டும் போதும். சிம்மே இல்லாத ஐபேடில் ஐமெசேஜ் வேலை செய்வது அதனால்தான். ஆகவே இமெயிலுக்கு டிக் விழுந்து, நம்பருக்கு மட்டும் விழாமல் சுற்றிக்கொண்டிருந்தால், எஸ்.எம்.எஸ். போகவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். சிம் நிறுவனத்திடம் பேசுங்கள். இரண்டுமே பதியவில்லை என்றால் இணையம், தேதி, அக்கவுண்ட் ஆகிய மூன்றையும் பாருங்கள். அவசரமாக யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால், நம்பர் சரியாகும்வரை இமெயில் வழியாகவே ஃபேஸ்டைமில் பேசலாம். உங்களை அழைக்க வேண்டியவருக்கு அந்த இமெயில் முகவரியைச் சொன்னால் போதும்.

கஸ்டமர் கேரில் எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "ஃபேஸ்டைம் வரல" என்று சொன்னால் "அது உங்க போன் பிரச்சினை சார்" என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயம்தான். ஃபேஸ்டைம் பேச்சையே எடுக்காதீர்கள். "என் நம்பரிலிருந்து வெளிநாட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதி திறந்திருக்கிறதா? அதற்குக் கணக்கில் காசு இருக்கிறதா? என் எஸ்.எம்.எஸ். எதையாவது தடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் அவர்களால் திரையைப் பார்த்தே பதில் சொல்ல முடியும்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. எந்த லைன் பதியாமல் நிற்கிறது என்று தனியாகப் பாருங்கள். பழைய சிம் ஒன்றை ரீசார்ஜ் செய்யாமல் இரண்டாவது இடத்தில் விட்டு வைத்திருப்பார்கள். அதற்கு ஆக்டிவேஷன் நடக்காததால் எல்லாமே கெட்டுவிட்டதாக நினைத்து வருவார்கள். தேவையில்லாத லைனை செல்லுலார் பக்கத்தில் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது தேதியும் நேரமும். இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். போனும் சர்வரும் ஒன்றையொன்று நம்புவது டிஜிட்டல் சான்றிதழ்களை வைத்துத்தான். ஒவ்வொரு சான்றிதழுக்கும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று ஒரு காலம் உண்டு. போனில் ஆண்டு தப்பாக இருந்தால், நல்ல சான்றிதழும் காலாவதியானது போலத் தெரியும், பேச்சு அங்கேயே முறியும். உண்மையாகவே ஒரு சான்றிதழ் காலாவதியான கதையும் இருக்கிறது. 2014 ஏப்ரல் 16-க்குப் பிறகு பழைய ஐஓஎஸ் வைத்திருந்தவர்கள் பலருக்கு ஃபேஸ்டைம் அழைப்பு போகவும் இல்லை, வரவும் இல்லை. ஒரு சாதனச் சான்றிதழ் அன்றோடு காலாவதியானதுதான் காரணம் என்று ஆப்பிளே சொன்னது. அதற்குத் தீர்வு, சாஃப்ட்வேரை அப்டேட் செய்வதுதான். ஆகவே 'செட் ஆட்டோமேட்டிக்கலி' பட்டன் போடப்பட்டிருக்கிறதா, டைம் ஜோன் சரியா, அப்டேட் ஏதாவது காத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆபீஸ் அல்லது கல்லூரி வைஃபையில் மட்டும் பதியவில்லை என்றால், அங்கே ஃபயர்வால், அதாவது அந்த நெட்வொர்க்கின் பாதுகாப்புத் தடுப்பு, தடுக்கிறது என்று சந்தேகப்படலாம். விபிஎன் போட்டிருந்தால் அணையுங்கள், வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள். ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டுக்கும் ஆப்பிளின் 'சிஸ்டம் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. அவர்கள் சர்வரே படுத்துக் கிடந்தால் நாம் போனோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஃபேஸ்டைம் ஆப்பையே காணோம் என்றால் ஸ்க்ரீன் டைமில் அது தடை செய்யப்பட்டிருக்கலாம். கேமராவைத் தடை செய்தாலும் ஃபேஸ்டைம் மறைந்துவிடும். குழந்தைக்காகப் போட்ட பூட்டை மறந்துபோன பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் உடனே வரவில்லையா? ஆக்டிவேஷனுக்கு 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. ஒரு தடவை அணைத்து, போனை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி போட்டுவிட்டு ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பொறுமையாக விட்டவர்களுக்கு மறுநாள் காலையில் தானாக வந்திருக்கும். அப்புறமும் வராவிட்டால் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' வரை போகலாம். அதில் வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும் போகும், படங்களும் செய்திகளும் போகாது. அதற்கு மேலே போய் 'எரேஸ் ஆல் கண்டெண்ட்' என்பதை இந்தக் கோளாறுக்காக யாராவது தொடச் சொன்னால், போனை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. கூகுள் மெசேஜஸில் ஆர்சிஎஸ் சாட் (எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதிலாக இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி) 'செட்டிங் அப்' என்றே நாள் கணக்கில் நிற்கும். அங்கேயும் நம்பரைச் சரிபார்க்கும் வேலைதான். சிம் அந்தப் போனிலேயே இருக்கிறதா, எஸ்.எம்.எஸ். போகிறதா, கூகுள் மெசேஜஸ்தான் டீஃபால்ட் ஆப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறவர்களின் சிக்கல் இதற்கு நேர் எதிர். நம்பர் ஆப்பிளின் பதிவிலேயே தங்கிவிடும். ஐபோன் வைத்திருக்கும் உறவினர்கள் அனுப்பும் செய்தி, இல்லாத பழைய போனைத் தேடிப் போகும். இவர்களுக்கு ஒன்றும் வராது. "நாலு நாளா பதிலே சொல்லல" என்று குடும்பத்தில் மனத்தாங்கல் ஆன கதை எனக்குத் தெரியும். மாறுவதற்கு முன்னால் பழைய போனில் ஐமெசேஜை அணைத்துவிடுங்கள். போன் கையை விட்டுப் போய்விட்டது என்றால், நம்பரை நீக்குவதற்கென்றே ஆப்பிள் 2014-இல் ஒரு இணையப் பக்கம் திறந்தது. அதில் நம்பரைக் கொடுத்து, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் 6 இலக்க எண்ணைப் போட்டால் போதும்.

அந்த 6 இலக்க எண்ணைப் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆக்டிவேஷன் ஆகவில்லை என்று தவிப்பவர்கள் இணையத்தில் 'ஹெல்ப்லைன் நம்பர்' தேடுகிறார்கள். முதலில் வரும் எண்ணுக்கே அழைத்துவிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவர் மரியாதையாகப் பேசுவார், திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார், பிறகு பாஸ்வேர்டையும் வந்த எண்ணையும் கேட்பார். ஐமெசேஜ் ஆக்டிவேஷன் அந்த மறைவான எஸ்.எம்.எஸ்.ஸில் தானாக நடக்கிறது. அதற்காக எந்த எண்ணையும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. வாட்ஸ்அப் பதிவுக்கு வரும் எண்ணும் உங்கள் போனில் நீங்களே போடுவதற்கு மட்டும்தான். அதை இன்னொருவருக்குச் சொன்னால் உங்கள் கணக்கு அவர் போனுக்குப் போய்விடும். பெற்ற பிள்ளை பெயரில் செய்தி வந்து கேட்டாலும், நேரில் அழைத்துக் குரலைக் கேட்காமல் சொல்லாதீர்கள்.

அந்த அம்மா போன பிறகு என் வேலையில் ஒரு மாற்றம் செய்தேன். யார் எந்தக் கோளாறோடு வந்தாலும் முதலில் செட்டிங்ஸில் மேலே இருக்கும் பெயரைத் தொட்டு, ஐகிளவுட் பேக்கப்பைத் திறக்கிறேன். கடைசியாக எப்போது பேக்கப் ஆனது என்று அங்கே ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியை அவர்களுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். 'நெவர்' என்று இருந்தால், வைஃபையில் சார்ஜில் போட்டு அது முடியும்வரை உட்காரச் சொல்கிறேன். ஆக்டிவேஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.