அசெரி: ஒரு சொல், இரண்டு மொழி

வடமேற்கு ஈரானில், மரந்து நகருக்கு வடக்கே, கெலின் கயா என்று ஓர் ஊர். துருக்கியத்தில் கெலின் என்றால் மணப்பெண், கயா என்றால் பாறை. பெயர் துருக்கியம்தான். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் மொழி ஆய்வாளர்கள் அங்கே கேட்டு எழுதிக்கொண்டது ஹர்சந்தி என்ற ஈரானிய மொழியை, அதாவது பாரசீகத்தின் உறவு மொழி ஒன்றை. 'அசெரி' என்ற பெயரோ முன்பு ஓர் ஈரானிய மொழியைக் குறித்தது, இன்று ஒரு துருக்கிய மொழியைக் குறிக்கிறது. இந்த ஊரைத் தமிழில் 'அசெரி பேசிய ஊர்' என்று எழுதிவிட்டால் வாசகர் எந்த மொழியை நினைப்பார்?

'அசெரி' என்ற சொல்லின் வேர் ஓர் ஆளுநர் பெயரில் இருக்கிறது. அலெக்சாந்தர் காலத்தில், வடமேற்கு ஈரான் பக்கத்துப் பழைய நாடான மீடியாவை ஆண்ட ஆத்ரோபாத்தீஸ். 'நெருப்பின் காவல் பெற்றவர்' என்று பொருள். அவர் பெயரால் நிலம் அசர்பைஜான் ஆனது, நிலத்தின் பெயரால் மொழி அசெரி ஆனது. 10ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய அல்-மசூதி என்ற வரலாற்றாசிரியர், பாரசீக மொழிவகைகளைச் சொல்லும்போது பஹ்லவி, தரி ஆகியவற்றோடு அசெரியையும் சேர்க்கிறார். அப்போது அது ஈரானிய மொழி.

11ஆம் நூற்றாண்டில் செல்ஜுக்கு என்ற துருக்கிய அரச மரபினரோடு, ஒகுஸ் என்ற துருக்கிய இனக்குழுவினர் வந்தார்கள். அப்புறம் பல நூற்றாண்டுகளில், ஊர் ஊராகப் பேச்சு துருக்கியத்துக்கு மாறியது. பழைய மொழி போய்விட்டது, பெயர் மட்டும் புதிய மொழியின் மேல் ஒட்டிக்கொண்டது. வடமேற்கு ஈரானின் தப்ரீஸ் நகரில் பிறந்த வரலாற்றாசிரியர் அகமது கஸ்ரவி 1925இல் ஒரு சிறு நூல் எழுதித்தான் அந்தப் பழைய அசெரியைப் பலருக்கும் நினைவூட்டினார். இன்றைய மொழியை ஈரானில் அதைப் பேசுபவர்கள் பெரும்பாலும் 'துர்க்கி' என்றே சொல்கிறார்கள்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? அரபு ஒலிப்பைப் பின்பற்றி 'ஆதரி' என்றால் நமக்கு அது வினைச்சொல்லாகிவிடும், வேண்டாம். மறைந்த ஈரானிய மொழிக்குப் 'பழைய அசெரி', வாழும் மொழிக்கு 'அசர்பைஜானித் துருக்கியம்' என்று வைத்துக்கொள்ளலாம். அடைமொழி இல்லாத 'அசெரி'யைத் தவிர்ப்பதே நல்லது.

ஊரைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ஹர்சந்தியைப் பழைய அசெரியின் எச்சமாகப் பலர் பார்க்கிறார்கள். ஆனால் ஹென்னிங் என்ற அறிஞர், அது காஸ்பியன் கடலோரத்துத் தாலிஷ் பக்கமிருந்து குடிவந்தவர்கள் கொண்டுவந்த மொழி என்று 1954இல் வாதிட்டார். ஆக, வட்டாரத்தின் பழமையை அப்படியே ஊரின் தலையில் ஏற்றிவிட முடியாது. நான் இப்படி எழுதுவேன்: 'கெலின் கயா, அசர்பைஜானித் துருக்கியம் வழங்கும் வட்டாரத்தில் உள்ள ஊர். இங்கு ஹர்சந்தி என்ற ஈரானிய மொழியும் பேசப்பட்டது. அதற்கும் பழைய அசெரிக்கும் உள்ள உறவு பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.'