முத்துகளை எண்ணி வாங்கிய வெள்ளி

என் மேசையில் மரியா தெரேசா தாலர் என்ற வெள்ளி நாணயம் ஒன்று கிடக்கிறது. பின்பக்கம் 1780 என்று தெளிவாகப் பொறித்திருக்கிறது. ஆனால் இது அந்த வருடம் அடித்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா 1780 நவம்பரில் இறந்துபோனார். அதன் பிறகும் அதே முகம், அதே வருடத்தோடு, வியன்னாவில் இந்த நாணயத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள். இன்றும் அடிக்கிறார்கள்.

காரணம் எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் இருந்த வியாபாரிகள். பழகிய நாணயத்தில் ஒரு கோடு மாறியிருந்தாலும் அவர்கள் கைநீட்டி வாங்கமாட்டார்கள். கணவர் 1765இல் இறந்தபின் பேரரசி அணிந்த முக்காடு, தோளில் முத்து பதித்த புரூச் (ஆடையில் குத்தும் ஊசிப்பதக்கம்), மார்புக்குக் கீழே எஸ்.எஃப். என்ற இரண்டு எழுத்துகள், பின்பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, எல்லாம் அப்படியே இருக்கவேண்டும். அந்த எஸ்.எஃப். வேறொன்றுமில்லை, குன்ஸ்பர்க் நாணயச் சாலையின் அதிகாரிகளான ஷோபல், ஃபாபி இருவரின் முதலெழுத்துகள். 1930களில் ரோமிலும் லண்டனிலும், 1940-41இல் பம்பாயிலும் இதே தாலரை அடித்தபோது, அந்த இருவரின் எழுத்துகளும் கூடவே போயின.

வியாபாரிகள் புரூச்சில் இருக்கும் முத்துகளை எண்ணிப் பார்ப்பார்கள். எனக்கு இந்த நாணயத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நாணயத்தில் எது மேடாக நிற்கிறதோ அதுதான் முதலில் தேயும். முத்துகள் பொடிப்பொடியான மேடுகள். அவை மழுங்காமல் இருந்தால் வெள்ளி அதிகம் தேயவில்லை என்று அர்த்தம். கள்ள அச்சு வெட்டுகிறவனுக்கும் அத்தனை முத்துகளையும் சரியான இடத்தில் உருண்டையாகக் கொண்டுவருவது லேசான காரியமல்ல. தராசு இல்லாத சந்தையில் அந்தப் படமே தராசாக வேலை செய்தது.

விளிம்பிலும் எழுத்துகள் உண்டு. ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம். விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவது ஐரோப்பாவில் பெரிய தொழிலாகவே நடந்தது. சுத்தியலால் அடித்த பழைய காசுகளுக்குச் சீரான வட்டம் கிடையாது, ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் 1662 முதல் இயந்திரத்தில் அடித்த பெரிய வெள்ளிக் காசுகளின் விளிம்பில் ‘டெக்குஸ் எட் டூட்டாமென்’ என்று பொறித்தார்கள். அலங்காரம், காவல் என்று பொருள். சுரண்டினால் எழுத்து போகும், திருட்டு வெளிப்படும். பழைய தேய்ந்த காசுகளையெல்லாம் திரும்ப வாங்கி உருக்கிய 1696இல் லண்டன் நாணயச் சாலைக்கு வார்டனாக, அதாவது மேற்பார்வை அதிகாரியாக, வந்தவர் ஐசக் நியூட்டன்.

அதே ‘டெக்குஸ் எட் டூட்டாமென்’ 2021 முதல் பிரிட்டனின் பிரிட்டானியா வெள்ளி நாணயத்தில் லென்ஸ் வைத்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடி எழுத்தாக இருக்கிறது. அதில் ஒரு சின்னப் படமும் உண்டு: நாணயத்தைச் சாய்த்தால் பூட்டு திரிசூலமாக மாறும். கனடாவின் மேப்பிள் லீஃப் வெள்ளி நாணயம் 2014 முதல் பின்னணி முழுக்க நெருக்கமான ஆரக்கோடுகளோடு வருகிறது. லேசர் வந்துவிட்டது, வேலை மட்டும் அந்த முத்துகள் செய்த அதே வேலைதான்.

அமெரிக்காவின் சில்வர் ஈகிள் வெள்ளி நாணயம் 1986இல் வந்தது. அதன் முகப்பில் கொடியைப் போர்த்திக்கொண்டு உதயசூரியனை நோக்கி நடக்கும் பெண் அடால்ஃப் வைன்மன் 1916இல் அரை டாலருக்காகச் செதுக்கியவள். இவ்வளவு அழகான உருவம் எழுபது வருடம் கழித்து முழு ஒரு அவுன்ஸ் வெள்ளியில் விரிந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இங்கே அவுன்ஸ் என்பது டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். சாதாரண அவுன்ஸ் 28.35தான். விலை கேட்கும்போது இதை மறக்கவேண்டாம். அன்றைய வெள்ளி விலைக்கு மேல் எவ்வளவு கூடக் கேட்கிறார்கள் என்று தனியாகக் கணக்குப் பாருங்கள். படத்துக்கும் அடிப்புக்கும் கடைக்காரரின் லாபத்துக்கும் நாம் கொடுப்பது அந்தத் தொகைதான்.

வீட்டில் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். ஒட்டிய காற்றுக்குமிழிகளைத் தட்டிவிடுங்கள். தராசு காட்டுவது, நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. வெள்ளியின் அடர்த்தி 10.49 என்பதால் ஒரு அவுன்ஸ் நாணயத்துக்கு 2.97 வாக்கில் வரவேண்டும். அதே எடையில் உள்ளே செம்பு இருந்தால் 3.47 வரும், ஈயமென்றால் 2.74. இரண்டையும் கலந்து அடர்த்தியை ஏமாற்ற முடியும். அதனால் நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து மேலே ஒரு வலுவான காந்தத்தை விடுங்கள். வெள்ளியைக் காந்தம் பிடிக்காது. ஆனால் வெள்ளிதான் உலோகங்களிலேயே சிறந்த மின்கடத்தி. நகரும் காந்தம் அதற்குள் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை காந்தத்தையே தடுக்கும். காந்தம் வழுக்கி விழாமல் தேனில் இறங்குவதுபோல மெதுவாக இறங்கும்.

என் தாலரையும் டம்ளரில் இறக்கினேன். அதில் 83.3 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு, எடை 28.07 கிராம். கணக்குப்படி 2.75 வரவேண்டும். 2.75 என்றே காட்டியது. துடைத்துவிட்டு, லென்ஸை எடுத்து முத்துகளை எண்ணத் தொடங்கினேன்.