பழுப்பாகத் தெரிவது டௌ புரதமா?

2024 இறுதியில் சென்னை ஐஐடியின் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து வெளியிட்டது. அதிலிருந்து மூளை பற்றிய கேள்விகள் எனக்கு நிறைய வருகின்றன. பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அல்சைமர் மூளைப் படங்களில் பழுப்பாகத் தெரிகிறதே, அதுதான் டௌ புரதமா?"

இல்லை. அந்தப் பழுப்பு, ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த நொதி உண்டாக்கியது.

டௌ, நரம்பு செல்லின் நுண்குழல்களைத் தாங்கிப்பிடிக்கும் புரதம். அல்சைமரில் அதன்மேல் பாஸ்பேட் அளவுமீறி ஏறி, குழலை விட்டுக் கழன்று, சிக்கு விழுந்த நூல்போலத் திரள்கிறது. மூளைச் சீவலில் இதைத் தேட ஆய்வகங்களில் வெகுவாகப் பயன்படுவது ஏடி8 என்ற சுண்டெலி ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கைத் தேடி ஒட்டும் புரதம். 441 அமினோ அமிலங்கள் கொண்ட டௌவில் 202, 205 ஆகிய இரு இடங்களிலும் பாஸ்பேட் இருந்தால் அங்கே போய் ஒட்டும். இப்படி ஒரே இலக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் முறையை 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். 1984-இல் நோபல் கிடைத்தது.

சரி, ஒட்டிவிட்டது. ஆனால் ஆன்டிபாடிக்கு நிறமே கிடையாது. அளவும் சுமார் 10 நானோமீட்டர்தான். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை ஆட்டிலோ குதிரையிலோ உருவாக்கி, அதோடு ஒரு நொதியை இணைத்து ஊற்றுவார்கள். ஒரு ஏடி8 மேல் இவை பல வந்து ஒட்டும். அந்த நொதி குதிரைமுள்ளங்கி (ஹார்ஸ்ராடிஷ்) என்ற செடியின் வேரிலிருந்து வருகிறது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் அந்த வேரின் காரத்துக்கு ஏங்கி நம் முருங்கை வேரை அரைத்துச் சாப்பிட்டார்கள். முருங்கைக்கு ஆங்கிலத்தில் 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்ற பெயரும் உண்டு.

அப்புறம் டிஏபி என்ற கரைசலும் துளி ஹைட்ரஜன் பெராக்சைடும். நொதி தொட்டவுடன் டிஏபி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத பழுப்பாக அங்கேயே படிகின்றன. நொதி தீர்ந்துபோவதில்லை, அடுத்ததை, அதற்கடுத்ததை மாற்றிக்கொண்டே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்து, டௌ சிக்குகள் தெளிவாகத் தெரிந்ததும் தண்ணீரில் போட்டு நிறுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் சீவல் முழுக்கப் பழுப்பேறிவிடும். ரத்த சிவப்பணுக்களும் இதே வேலையைச் செய்யும் என்பதால், ஆரம்பத்திலேயே பெராக்சைடு ஊற்றி அவற்றை அடக்கிவிடுவார்கள்.

பழுப்பு வந்ததாலேயே டௌ இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஒப்பீட்டுச் சீவல்கள் வேண்டும். ஆன்டிபாடிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இவற்றுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சீவலில் ஏடி8 இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இன்னொன்றில் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை முதலில் ஊற்றிவிட்டு ஏடி8 போட வேண்டும். இரண்டும் வெளுப்பாகவே இருக்க வேண்டும். இரண்டாவதில் பழுப்பு அப்படியே தெரிந்தால், பாஸ்பேட் சரியாகக் கழலவில்லை, அல்லது ஏடி8 வேறெதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது.