விருந்தோம்பியா, இரைச்செடியா?

உருளைக்கிழங்கு வண்டைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் 'விருந்தோம்பித் தாவரம்'. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட் பிளான்ட்'. ஒரு பூச்சி எதைத் தின்று வளர்கிறதோ அந்தச் செடி, அவ்வளவுதான். 'ஹோஸ்ட்' லத்தீன் 'ஹோஸ்பெஸ்' வழி வந்த சொல்; அங்கே விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். நம்மவர்கள் வீட்டுக்காரரை மட்டும் பிடித்துக்கொண்டு விருந்தோம்பி ஆக்கிவிட்டார்கள். பாடநூல்களில் 'ஓம்புயிரி'யும் உண்டு.

ஓம்புதல் என்றால் பேணுதல். எந்தச் செடி வண்டைப் பேணியது? வட அமெரிக்காவில் நம் எருக்குக்கு உறவான பாற்செடிகள் இருக்கின்றன. கடித்தால் பால் வடிந்து பூச்சியின் வாயை ஒட்டிவிடும். அவற்றைத் தின்னும் சிவப்பு டெட்ராஓப்பிஸ் வண்டு, முதலில் இலையின் நடுநரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும். அப்புறம்தான் நுனிப்பக்கத்தில் வாய் வைக்கும். வீட்டுக்காரரைக் கட்டிப்போட்டுவிட்டுப் பந்தியில் உட்காருகிறவருக்கு விருந்தாளி என்றா பெயர்? மெக்சிகோவில் சில பர்செரா மரங்கள் இலையைக் கடித்தவுடன் பிசினைப் பீய்ச்சி அடிக்கும். அங்குள்ள பிளெஃபரிடா வண்டின் புழுக்களும் பிசின் ஓடும் குழாய்களை அறுத்துவிட்டே தின்கின்றன. செடி ஒரு தற்காப்பைக் கொண்டுவர, வண்டு அதற்கொரு வழி பார்க்க, இப்படியே போகிற சண்டை இது. இதைப் போய் உபசாரம் என்கிறோம்.

அந்த உருளைக்கிழங்கு வண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முன்பு கத்தரி இனத்து முட்செடி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. குடியேறியவர்கள் உருளைக்கிழங்கு போட்டதும் அதற்குத் தாவியது. 1859இல் நெப்ராஸ்கா வயல்களில் பெருஞ்சேதம். நான் படித்த கட்டுரையில் இதற்குப் பெயர் 'விருந்தோம்பி மாற்றம்'. உருளைக்கிழங்கு எப்போது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது?

இரைச்செடி என்றால் போதும். இரை என்றால் வேட்டையாடிப் பிடிப்பதல்லவா என்று ஒரு நண்பர் மடக்கினார். கோழி கம்பைப் பொறுக்குவதும் இரைதானே, ஐயா! 'உணவுத் தாவரம்' தெளிவுதான், ஆனால் நாம் தின்னும் கீரை நினைவுக்கு வருகிறது. மலேரியா மாதிரி ஒட்டுண்ணி விஷயத்தில் ஓம்புயிரி இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே சண்டைக்கு வரவில்லை.

பார்த்தீனியத்தை அழிக்க 1984இல் மெக்சிகோ வண்டு ஒன்றை இந்தியாவில் விட்டார்கள். பிறகு அது சூரியகாந்தியிலும் தென்பட்டதும் சர்ச்சை கிளம்பியது. 'சூரியகாந்தியும் இதற்கு இரைச்செடியா?' என்று கேட்டால் விவசாயிக்குச் சட்டென்று புரியும். 'விருந்தோம்பியா?' என்று கேட்டால் இலை எங்கே போட்டிருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்.