ஆயாவின் ஏழுகல் தோடு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல்நாள் எனக்கென்று ஒரு வேலை உண்டு. ஆயாவின் ஏழுகல் வைரத்தோட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். "முன்பக்கம் கிடக்கட்டும், பின்பக்கத்த நல்லா தேய்" என்பார் ஆயா. தலைக்கு வைக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே இறங்கிப் படிந்து, கல் மங்கிப்போகும். பார்ப்பது முன்பக்கம், ஜொலிப்பு மட்டும் பின்பக்கத்தைப் பொறுத்தது. அது எப்படி?

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. கண்ணாடிக்குச் சுமார் 1.5தான். இந்த எண் கூடக்கூட, உள்ளே போன ஒளி வெளியேறுவது கடினமாகிவிடும். வைரத்துக்குள், ஒரு பட்டையின் (தீட்டிய தட்டை முகத்தின்) செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் அந்தப் பட்டையைத் தாண்ட முடியாது. முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான். கண்ணாடியில் இந்த எல்லை ஏறக்குறைய 42 டிகிரி. அதனால் வைரத்தின் வடிவத்திலேயே அறுத்தாலும் கண்ணாடிக்கல்லில் ஒளி பின்வழியாக ஒழுகிப்போகும்.

சரி, பட்டைகளை எந்தச் சாய்வில் தீட்டுவது? வைரம் அறுக்கும் பெல்ஜியக் குடும்பத்தில் பிறந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் இதற்குக் கணக்குப் போட்டார். மேற்பட்டைகளுக்கு 34.5 டிகிரி, கீழ்ப்பட்டைகளுக்கு 40.75 டிகிரி, உச்சியில் இருக்கும் தட்டையான முகம் கல்லின் அகலத்தில் 53 சதவீதம். நேராக இறங்கும் கதிர் கீழே ஒரு பட்டையில் மோதி, எதிர்ப்பட்டைக்குத் தாவி, மறுபடி மேல்வழியாகவே வெளியே வருகிறது. வரும்போது நிறங்களாகவும் பிரிகிறது. கல் சப்பையாக இருந்தாலும், ஆழம் கூடிப்போனாலும் ஒளி கீழே கசியும். மேலே 33, கீழே 24, ஆக 57 பட்டைகள். மேலிருந்து பார்த்தால் இந்தக் கல் வட்டம் என்பதால் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சீரான ஜொலிப்பு.

இதற்குக் கொடுக்கும் விலை எடை. தோண்டி எடுக்கும் நல்ல வைரம் பெரும்பாலும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல் இருக்கும். அதை வட்டமாக்கினால் பாதிக்கு மேலேயே தூளாகப் போய்விடலாம். எடையைக் காப்பாற்றத்தான் பழைய காலத்தில் சதுரம் கலந்த வடிவில் அறுத்தார்கள். 1870களில் அமெரிக்காவின் பாஸ்டனில் வைரம் அறுத்த ஹென்றி மோர்ஸ் எடை போனாலும் ஒளி வரட்டும் என்று துணிந்தார். அது பெரிய துணிச்சல் என்றே நினைக்கிறேன்.

நம் ஏழுகல் தோட்டுக்கும் வட்டக்கல்லே பொருத்தம். ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவுள்ள ஆறு வட்டங்கள் இடைவெளி இல்லாமல் சரியாக உட்காரும். ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும், ஏழுக்கு இடம் போதாது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். பின்பக்கம் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருந்தால் 24.4 டிகிரி என்ற எல்லை சுமார் 37 டிகிரிக்கு ஏறிவிடும். திரும்பியிருக்க வேண்டிய பல கதிர்கள் தப்பிவிடும், கல் செத்துப்போகும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். 1890களில் இங்கே கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் இந்தக் குணத்தையே பயன்படுத்தினார்கள். நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு கிரீஸ் பூசிய மேசைமேல் ஓடவிட்டால் மற்ற கற்கள் வழுக்கிப் போய்விடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஆயா தன் கல்லை 'ப்ளூ ஜாகர்' என்பார். தமிழ்நாட்டு நகைக்கடைகளிலும் அந்தப் பேருக்குத் தனி மதிப்பு. பேர் வந்தது இங்கே ஃப்ரீ ஸ்டேட்டில் உள்ள யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து. அந்த மாநிலத்தில் இந்தியர்கள் குடியிருக்க 1891இல் போட்ட தடை 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது. ஆயாவின் இளமை முழுக்க அவர் அங்கே ஒரு வீடு எடுத்திருக்க முடியாது.

ஜாகர் கல்லின் நீலத்துக்குக் காரணம் உள்ளே சிக்கிய நைட்ரஜன் அணுக்கள். வெயிலில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கி அவை நீலமாக ஒளிர்கின்றன. வீட்டு விளக்கில் அது அவ்வளவாகத் தெரியாது. அதனால் தோட்டைத் துடைத்து முடித்ததும் ஆயா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், வெயிலில் பிடித்துக் காட்டச் சொல்வார்.